திறந்த வானத்தின் கீழ் இன்னிசை: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

2023ஆம் ஆண்டு நவம்பர் 25, சனிக்கிழமை மாலை. கேரளத்தின் களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களின் தொழில்நுட்ப விழா நடந்துகொண்டிருந்தது. அதையொட்டிப் பின்னணிப் பாடகி நிகிதா காந்தியின் இசை நிகழ்ச்சி, அங்குள்ள திறந்தவெளி அரங்கில் நடைபெறுவதாக இருந்தது. அந்த அரங்கினுள் செல்ல வேண்டுமானால் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். உள்ளே ஒரு கூட்டம் அமர்ந்திருக்க, வெளியே இன்னொரு கூட்டம் அனுமதிக்காகக் காத்து நின்றது. அப்பொழுது மழை பெய்யத் தொடங்கியது. ஒதுங்க இடம் தேடி வெளியே நின்றவர்கள் ஒரே நேரத்தில் வாயிலை நெருக்கினர். படிகளில் முன்னே சென்றவர்கள் தடுமாறி விழ, பின்னே வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தனர். நான்கு பேர் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவ மாணவியர். ஏறத்தாழ 60 பேர் காயமுற்றனர். பாட வந்தவர் மேடையேறவே இல்லை.

அன்று அங்கே புயல் வீசவில்லை; வெள்ளமும் வரவில்லை. சாதாரண நாளில் நாம் கைக்குட்டையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிற மழையே பெய்தது. அந்த மழை யாரையும் கொல்லவில்லை. மழை வந்தால் எங்கே செல்வது, எந்த வழியாகச் செல்வது என்பதை ஒருவரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நான்கு குடும்பங்களின் துயரம் அங்கேதான் தொடங்கிற்று.

அன்பான வாசகர்களே, பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் பெருநகரங்களில் குடியேறியிருக்கிற நம் பிள்ளைகள் இன்று இத்தகைய நிகழ்ச்சிகளுக்குச் செல்கிறார்கள். கல்லூரி விழா, நிறுவனத்தின் ஆண்டு விழா, மைதானத்தில் நடைபெறும் கட்டண இசை நிகழ்ச்சி, கிறிஸ்துமஸ் கால இன்னிசைக் கூட்டம் என்று ஏதோ ஒரு வகையில் ஒவ்வொரு குடும்பமும் திறந்தவெளிக் கூட்டத்தில் ஒரு நாள் நிற்கவே செய்கிறது. போகலாமா கூடாதா என்று வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வானம் மாறும்போது அங்கே கூடியிருக்கிறவர்களுக்கு என்ன நேரிடுகிறது, அதற்கு நாம் எவ்வாறு ஆயத்தப்பட வேண்டும் என்பதையே சிந்திக்க இருக்கிறோம்.

ஊர் மாறினால் மழைக்காலமும் மாறும்

புலம்பெயர்ந்த குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாங்கள் வாழும் நகரத்தின் பருவகாலத்தை. தமிழகத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள். அந்தக் கணக்கு மும்பையில் தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஜூன் மாதம் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை செப்டம்பர்வரை கொட்டுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கிறது. பெங்களூருவிலோ ஏப்ரல், மே மாதங்களின் மாலை வேளைகளில் இடியோடு கூடிய கோடைமழை உண்டு. ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை பருவமழையும் உண்டு. கொல்கத்தாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வடமேற்கிலிருந்து கருமேகம் திரண்டு, பலத்த காற்றோடு மழை பாய்ந்து வரும். வங்காளிகள் அதைக் ‘கால்வைசாகி’ என்பர். டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் புழுதிப்புயலும், நவம்பரில் மாசடைந்த காற்றும், டிசம்பர், ஜனவரியில் கடுங்குளிரும் மூடுபனியும் வருகின்றன. கேரளத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகலும் மாலையும் இடிமழைக்குப் பேர்போனவை. களமசேரியில் பெய்த மழையும் அந்தப் பருவத்தில் வந்ததுதான்.

இந்தியாவின் பெரிய திறந்தவெளி இசை விழாக்கள் குளிர்காலத்தில் நடைபெறுவதற்குக் காரணமும் இதுவே. பண்டிட் பீம்சேன் ஜோஷி 1953ஆம் ஆண்டில் தொடங்கிய புனேயின் சவாய் கந்தர்வ இசை விழா வழக்கமாக டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. முதியவர்கள் சால்வையும் கம்பளியும் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்து கேட்பது அங்கே வாடிக்கை. கோல்ட்ப்ளே என்னும் ஆங்கிலேய இசைக்குழு நவி மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தது 2025 ஜனவரியில்.

இதற்கு மாறான ஒரு விழாவும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடைபெற்றுவரும் இசை விழா செப்டம்பர் மாதத்தில் வருகிறது. மழையும் சேறும் அங்கே எதிர்பார்க்கப்படுகிறவை. முழங்கால்வரை ரப்பர் காலணியும் மழைச்சட்டையும் அணிந்தே மக்கள் வருகிறார்கள். நனைந்தபடியே கேட்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். ஆயத்தமாக வந்தவனுக்கு மழை ஓர் அனுபவமாகிறது. ஆயத்தமின்றி வந்தவனுக்கு அதே மழை தொல்லையாகிறது, சில வேளைகளில் ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

செவியை வந்தடையுமுன்

மழை வந்தால் உடை நனையும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் நாம் கேட்கிற இசையையே வானிலை மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் அறியார்.

ஒலி காற்றின் வழியாகவே வருகிறது. 20 டிகிரி வெப்பத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே மேடையிலிருந்து 170 மீட்டர் பின்னால் நிற்பவரை, மேடை ஒலிபெருக்கியின் ஓசை அரை வினாடி தாமதித்தே வந்தடைகிறது. பெரிய திரையில் பாடகரின் உதடு ஒன்றைச் சொல்ல, காதில் வேறொன்று விழுவது இதனாலேயே. நடுவில் ஆங்காங்கே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதித்து விடுவதன்மூலம் இந்தக் குறையைச் சரிசெய்கிறார்கள்.

காற்று பலமாக வீசும்போது நிலைமை இன்னும் மாறுகிறது. தரையை ஒட்டி வீசும் காற்று மெதுவாகவும், உயரத்தில் வீசும் காற்று வேகமாகவும் இருக்கும். காற்றின் திசையிலேயே செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரைக்கு வருகிறது; காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலியோ மேல்நோக்கி வளைந்து, அமர்ந்திருப்பவர்களின் தலைக்குமேலே போய்விடுகிறது. ஒரே கட்டணம் கொடுத்து ஒரே வரிசையில் நின்ற இருவரில் ஒருவருக்குத் தெளிவாகவும், மற்றவருக்கு அலையலையாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம். பகல் வெயிலில் தரை சூடேறியிருக்கும்போதும் ஒலி மேல்நோக்கியே வளைகிறது. இரவில் தரை குளிர்ந்தபின் அது கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்கிறது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து முறையீடு எழுவதும் அப்பொழுதுதான்.

வாத்தியங்களும் வானிலைக்குக் கீழ்ப்பட்டவையே. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோல் ஈரப்பதத்தை உறிஞ்சித் தளர்ந்து, சுருதி இறங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் கம்பி வாத்தியங்களின் சுருதி இறங்கும். புல்லாங்குழலின் சுருதியோ ஏறும். மேடையில் மீண்டும் மீண்டும் சுருதி சேர்க்கிறவர்களைப் பார்த்து நாம் பொறுமை இழக்கிறோம். அவர்கள் காலத்தை வீணாக்கவில்லை, வானிலையோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

மழை நின்றபின் நிகழ்ச்சியை நீட்டித்து ஈடுசெய்யலாமே என்று சிலர் எண்ணக்கூடும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவுவரை விலக்கு அளிக்க முடியும். ஆதலால் 7 மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி மழையால் 9 மணிக்குத் தொடங்கினால், கேட்க வந்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரமே.

மழையும் சேறும்

நகரங்களில் இத்தகைய நிகழ்ச்சிகள் நடைபெறும் இடங்களில் பல, கூட்டத்திற்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. ஒரு மணி நேர மழையில் மண்தரை சேறாகிவிடுகிறது. சேற்றில் நடை மெதுவாகிறது. ஆகவே வெளியேறுவதற்கு ஆகும் நேரம் கூடுகிறது. சக்கர நாற்காலியில் வந்தவரும், கைக்குழந்தையோடு வந்த தாயும், முழங்கால் வலியுள்ள முதியவரும் முதலில் திணறுகிறார்கள். நாற்காலியைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களால் வழி அடைபடுகிறது. குடைகள் விரிந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைகிறது. குடைக்கம்பி கண்ணில் குத்தும் அபாயமும் உண்டு. பல பெரிய நிகழ்ச்சிகளில் குடைக்கு அனுமதி மறுக்கப்படுவது இதனாலேயே. தலைவழியே மாட்டிக்கொள்ளும் மெல்லிய மழைச்சட்டையே ஏற்றது.

மின்சாரத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஜெனரேட்டரிலிருந்து மேடைக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் செல்லும் கேபிள்கள் தரையில் கிடக்கின்றன. ஈரத்தரையில் அவற்றை மிதிப்பதோ, இரும்புத் தடுப்புகளில் சாய்ந்து நிற்பதோ கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நெரிசல். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்குமேல் நெருங்கிவிட்டால், தனி மனிதன் தன் விருப்பப்படி அசைய முடியாது. கூட்டம் அசைகிற பக்கமே அவனும் அசைவான். மழை என்பது ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே கணத்தில், ‘கூரையின்கீழ் ஓடு’ என்ற ஒரே கட்டளையைக் கொடுத்துவிடுகிறது. ஆகவேதான் சிறுமழையும் பெருந்துயரில் முடியக்கூடும்.

வெயிலும் வானிலையே

மோசமான வானிலை என்றவுடன் மழையையே நினைக்கிறோம். ஆனால் தெளிந்த நீலவானமும் உயிரைப் பறிக்கும். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கர் பகுதியில், மகாராஷ்டிரா பூஷண் விருது வழங்கும் விழா பெரிய மைதானத்தில் நடைபெற்றது. அது இசை நிகழ்ச்சியன்று. எனினும் லட்சக்கணக்கான மக்கள் நிழலில்லாத வெளியில், நண்பகல் வெயிலில், மணிக்கணக்காக அமர்ந்திருந்தனர். வெப்பத் தாக்குதலால் 14 பேர் மாண்டனர். வெப்பநிலை அன்று 40 டிகிரியைத் தொடவில்லை; 38 டிகிரியை ஒட்டியே இருந்தது. கடலோர நகரத்தின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதில்லை. உள்நாட்டு வறண்ட வெயிலுக்குப் பழகிய நம்மவர்கள் மும்பை வெயிலைக் குறைத்து எடைபோடுவது இதனால் ஆபத்தானது.

அதே ஆண்டு நவம்பர் 17 அன்று பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவில், அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் நிகழ்ச்சியில், கடும் வெப்ப அலையின் நடுவே 23 வயதுப் பெண் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். அரங்கினுள் தண்ணீர்ப் புட்டி கொண்டுசெல்ல அனுமதிக்கப்படவில்லை என்று வந்திருந்தவர்கள் முறையிட்டனர். மறுநாள் நிகழ்ச்சி வெப்பத்தின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. அதன்பின்னரே, இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல அனுமதிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு உத்தரவிட்டது.

இரவில் தொடங்கும் நிகழ்ச்சிக்கும் பகலிலேயே வரிசை தொடங்கிவிடுகிறது. மேடைக்கு அருகில் நிற்க வேண்டும் என்ற ஆவலில், சாப்பிடாமலும் தண்ணீர் அருந்தாமலும் நான்கைந்து மணி நேரம் நிற்கிற பிள்ளைகளே முதலில் சோர்ந்து விழுகிறார்கள். கழிப்பறைக்குப் போனால் இடம் பறிபோகும் என்று பெண்பிள்ளைகள் தண்ணீரைத் தவிர்ப்பதும் உண்டு. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்பத் தாக்குதலின் அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறி, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மின்னலும் காற்றும்

திறந்த மைதானத்தில் இடியோசை கேட்டுவிட்டால், மின்னல் தாக்கக்கூடிய தூரத்திற்குள் நாம் வந்துவிட்டோம் என்று பொருள். மின்னலைக் கண்டதற்கும் இடியைக் கேட்டதற்கும் இடையிலுள்ள வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்துவிடும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப்பின் 30 நிமிடம் கழியும்வரை மைதானத்திற்குத் திரும்பக் கூடாது. பாதுகாப்பான இடம் என்பது கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றப்பட்ட கார், பேருந்து. மரத்தடியும் துணிப்பந்தலும் இரும்புக் கோபுரத்தின் நிழலும் பாதுகாப்பு அல்ல. 2016 ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் மெண்டிக் நகரில் நடந்த ‘ராக் ஆம் ரிங்’ விழாவில், மின்னலினால் எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்விழா முழுமையடையாமலே நிறுத்தப்பட்டது.

காற்றின் வலிமையோ நாம் எண்ணுவதைவிட விரைவாகப் பெருகுவது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பொருட்களின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. மேடைக்கூரையும் பெரிய திரையும் விளம்பர ஃபிளெக்ஸும் கப்பலின் பாய்போலக் காற்றை வாங்கிக்கொள்கின்றன. தற்காலிக மேடைகள் சில நாட்களுக்கென்று எழுப்பப்படுகிறவை. அவற்றின் கால்கள் நிலத்தில் ஆழமாக ஊன்றப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முடிவெடுக்கிறவர் யார்?

2011 ஆகஸ்டு 13 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்ததை, இத்துறையினர் இன்றளவும் பாடமாகச் சொல்கிறார்கள். இண்டியானா மாநிலக் கண்காட்சி மைதானத்தில் ‘சுகர்லேண்ட்’ இசைக்குழுவின் நிகழ்ச்சி நடைபெற இருந்தது. இடிமழை நெருங்கிவருவதை அனைவரும் அறிந்திருந்தனர். நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாமா என்று ஆலோசனையும் நடந்தது. ஆயினும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. மழைக்கு முன்னே பாய்ந்து வந்த சூறைக்காற்று, மேடைக்குமேல் அமைத்திருந்த உலோகச் சட்டத்தைக் கூட்டத்தின்மீது சாய்த்தது. ஏழு பேர் மாண்டனர்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பின்னர் நடந்த விசாரணைகளில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று, மேடைக்கூரையின் அமைப்பு தேவையான தரத்தில் இல்லை. மற்றொன்று, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

அதே மாலை, அதே நகரத்திற்கு வடக்கே, இண்டியானாபொலிஸ் சிம்பொனி இசைக்குழு வேறொரு திறந்தவெளியில் வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் வானத்தைக் கவனித்து, நிகழ்ச்சியை நிறுத்தி, மக்களை வெளியேற்றிவிட்டனர். புயல் ஒன்றே, முடிவு வேறு. நிகழ்ச்சி பாதியில் நின்றதே என்று அங்கே சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் யாவரும் வீடு திரும்பினர்.

வானிலை எவருடைய கையிலும் இல்லை. முடிவோ ஒருவருடைய கையில் இருக்கிறது. அதைக் காலத்தோடு எடுத்து, மக்களுக்கு அறிவிப்பதே அவருடைய கடமை. இருட்டில், மழையில், ஒலிபெருக்கி மௌனமாகிவிட்ட மைதானத்தில் நிற்கும் பத்தாயிரம் பேருக்கு மழையைவிடப் பெரிய வேதனை, என்ன நடக்கிறது என்று தெரியாமையே. ‘இன்னும் 30 நிமிடம் பார்ப்போம், வடக்கு வாயில் திறந்திருக்கிறது, மேடையருகே இருப்பவர்கள் அசைய வேண்டாம்’ என்ற மூன்று அறிவிப்புகள் கூட்டத்தின் மனநிலையையே மாற்றிவிடும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், பெருங்கூட்டங்களை நிர்வகிப்பதற்கென 2014ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. அதைக் கைக்கொள்வதில்தான் குறை.

சீட்டுப் பணமும் மனப்பாரமும்

மக்கள் ஆபத்தைக் கண்டும் நகராமல் நிற்பதற்கு ஒரு காரணம் பணம். இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியவர், மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வந்தவர், ‘இவ்வளவு கொடுத்தோமே’ என்று நனைந்துகொண்டே நிற்கிறார். கொடுத்த பணம் கொடுத்ததுதான். நின்றாலும் போனாலும் அது ஒன்றே. இனி இழக்கக்கூடியது எது என்பதையே அப்பொழுது எண்ண வேண்டும்.

2023 ஆகஸ்டு 12 அன்று சென்னை பனையூரில் நடைபெற இருந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி மழையினால் தள்ளிவைக்கப்பட்டது. வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமே. ஆயினும் ஈரமைதானத்தில் கூட்டத்தைச் சேர்ப்பதைவிட அது நல்லது. பின்பு செப்டம்பர் 10 அன்று அது நடைபெற்றபோது வானம் ஒத்துழைத்தது. ஆனால் கூட்டத்தின் ஒழுங்கு குலைந்து, சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். மழையில்லாத நாளிலும் ஏற்பாடு சரியாக அமையாவிட்டால் துன்பம் துன்பமே என்பதற்கு அது சான்று.

சீட்டு வாங்கும்போதே, நிகழ்ச்சி தள்ளிப்போனால் பணம் திரும்புமா, பாதியில் நின்றால் என்ன என்ற நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். சீட்டின் நகலையும் பணம் செலுத்திய குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். நியாயமான பணம் மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு முறையிடலாம்.

குடும்பமாகச் செல்லும்போது

புறப்படும் நாளன்று காலையில் இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு நிறங்களில் எச்சரிக்கை வருகிறது. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் பயணத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி முன்னறிவிப்பையும் அத்துறை வெளியிடுகிறது. மின்னலுக்கென்று ‘தாமினி’ என்ற கைப்பேசிச் செயலி உண்டு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கியது.

மைதானத்திற்குள் நுழைந்தவுடன் மேடையைத் தேடுமுன் வாயில்களைத் தேடுங்கள். உள்ளே வந்த வழியைத் தவிர வேறெந்த வழிகள் உண்டு, அருகிலுள்ள கான்கிரீட் கட்டடம் எது என்று பார்த்துவையுங்கள். கூட்டத்தில் கைப்பேசி வேலை செய்யாமல் போவது வழக்கம். ஆகவே, ‘பிரிந்துவிட்டால் இந்த இடத்தில் சந்திப்போம்’ என்று மைதானத்திற்கு வெளியே ஓர் இடத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். கைக்குழந்தையோடும் முதியவரோடும் செல்கிறவர்கள் மேடையருகே போகாமல், ஓரமாக, வழிக்கு அருகில் அமர்வதே நல்லது. வழுக்காத காலணியும், மாற்று உடையும், கைப்பேசியை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் போதும். பெரிய பைகள் வேண்டாம்.

வீடு திரும்பும் வழியையும் எண்ணிப்பாருங்கள். மும்பையில் கனமழையின்போது புறநகர் ரயில்கள் நின்றுவிடுவது புதிதன்று. கடைசி ரயிலையோ மெட்ரோவையோ நம்பியிருக்கிறவர், மழை தொடங்கியபின் முடிவெடுத்தால் தாமதமாகிவிடும்.

நெரிசல் உண்டாகிவிட்டால், கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை மார்புக்கு முன்னே மடக்கி, மூச்சு விடுவதற்கு இடம் உண்டாக்கிக்கொண்டு, கூட்டத்தோடு நகர்ந்தபடியே மெல்ல ஓரம் நோக்கிச் செல்லுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். அது கைப்பேசியானாலும் சரியே.

மேலும், ‘எப்பொழுது திரும்புவோம்’ என்பதைப் புறப்படும்போதே தீர்மானியுங்கள். இடி கேட்டால் திரும்புவோம்; நிற்க இடமில்லாமல் நெருக்கினால் திரும்புவோம்; குழந்தைக்கு உடல் சுட்டால் திரும்புவோம். வீட்டில் அமைதியாக எடுத்த தீர்மானம், மைதானத்தின் ஆரவாரத்தில் நம்மைக் காக்கும். தனியே செல்லும் வாலிபப் பிள்ளைகளிடமும் இதைப் பேசுங்கள். ‘போகாதே’ என்று தடுக்கப்பட்டு ஒளித்துச் செல்கிற பிள்ளையைவிட, ‘இடி கேட்டால் வந்துவிடு, எந்நேரமானாலும் கூப்பிடு, நாங்கள் எடுப்போம்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை பத்திரமாயிருக்கும்.

நம்முடைய கூட்டங்களும்

கடைசியாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நகரத்துச் சபைகளாகிய நாமும் பள்ளி மைதானங்களை வாடகைக்கு எடுத்து, ஷாமியானா கட்டி, டிசம்பரில் இன்னிசைக் கூட்டங்களும் கீத ஆராதனைகளும் நடத்துகிறோம். ஜெபத்தோடு ஆயத்தப்படுகிறோம், பாடகர் குழு வாரக்கணக்காகப் பயிற்சி செய்கிறது. ஆனால் மழை வந்தால் எந்த வாயிலைத் திறப்பது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, மைக்கில் யார் அறிவிப்பது, கேபிள்களுக்கு எர்த் இணைப்பு சரியாக உள்ளதா, கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஆலோசிக்கிறோமா? தேவன் காப்பார் என்ற விசுவாசம் கேட்டைப் பூட்டிவைப்பதற்குச் சாக்கு ஆகிவிடக் கூடாது. நம்மை நம்பிப் பிள்ளைகளோடு வந்து அமர்கிறவர்கள் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆத்துமாக்கள்.

ஆகவே இந்த ஆண்டு கூட்டத்திற்கான ஏற்பாட்டுக் குழு கூடும்போது, பாடல் பட்டியலை எழுதுமுன் ஒரு பெயரை எழுதுங்கள். வானத்தைக் கவனித்து, வேண்டுமானால் கூட்டத்தை நிறுத்தும் பொறுப்பு அந்த ஒருவருக்கு இருக்கட்டும். அவர் நிறுத்தச் சொன்னால், பிரசங்கியார் நடுப்பிரசங்கத்தில் இருந்தாலும், பாடகர் குழு கடைசிப் பல்லவியில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பாடாமல் விட்ட பாடலை அடுத்த ஞாயிறு ஆலயத்தில் பாடிக்கொள்ளலாம்.